ஆதாரம் சொல்வதும் அமானிதமே

(மேலநீலிதநல்லூரில் நம் அறக்கட்டளை நடத்திய கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில், ஓய்வு பெற்ற கல்லூரி நூலகர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

இந்த ஆண்டு உதவி பெறுகிறவர்களில் எம்.எஸ்ஸி. படிக்கிறவர்களும் பிஎச்.டி. பதிவு செய்தவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பயன்படுகிற மாதிரி ஏதாவது பேசுங்கள் என்று செயலாளர் தொலைபேசியில் கேட்டார்கள். "ஆய்வுக் கட்டுரையில் ரெஃபரன்ஸ் எப்படி எழுதுவது என்று பேசுகிறேன்" என்றேன். கொஞ்ச நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை. பிறகு, "பேசுங்க அண்ணே, ஆனா பெரியவங்களுக்கும் புரியுற மாதிரி பேசுங்க" என்றார்கள். இன்ஷா அல்லாஹ், முயற்சி செய்கிறேன்.

முதலில் என் அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

நான் நூலகராக இருந்தபோது, பக்கத்து ஊர் மாணவி ஒருத்தி ஆவாரம்பூவைப் பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்தாள். நம் கரிசல் காட்டில் தானாக வளருகிற செடி. அதன் சாற்றை ஆராய்ந்து கட்டுரை எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினாள். பத்தே நாளில் திரும்பி வந்துவிட்டது. அறிஞர்கள் யாரும் படித்துக் குறை சொல்லவில்லை. ஆசிரியர் மேசையிலிருந்தே திருப்பிவிட்டார்கள். காரணம் இரண்டு வரிதான். மேற்கோள் பட்டியல் எங்கள் இதழின் முறைப்படி இல்லை. பட்டியலில் உள்ள மூன்று கட்டுரைகளை எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அவள் அழுதுகொண்டே நூலகத்துக்கு வந்தாள். "ரெண்டு வருஷம் ஆய்வுக்கூடத்துல கிடந்து செஞ்ச வேலை சார். கமா, புள்ளி சரியில்லைன்னு திருப்பிட்டாங்க" என்றாள். எனக்கும் மனசு சங்கடமாகத்தான் இருந்தது. சரி, அந்த மூன்றையும் தேடுவோம் என்று உட்கார்ந்தோம். அதில் ஒன்றில் தொகுதி எண் தப்பு. ஒன்றில் ஆண்டு தப்பு. இரண்டையும் கண்டுபிடித்துவிட்டோம். மூன்றாவதுதான் இழுத்தடித்தது. கடைசியில் மூலக் கட்டுரை கிடைத்தபோது அவள் முகம் மாறிவிட்டது. சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் ரத்தச் சர்க்கரை குறைந்தது என்று அவள் எழுதியிருந்தாள். மூலக் கட்டுரையில் இருந்தது வேறு. அந்தச் சோதனை எலிகளுக்குச் செய்தது.

அவள் பொய் எழுதவில்லை. முந்தைய ஒருவரின் ஆய்வேட்டில் அப்படி இருந்தது. அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். அவருக்கு முன்னால் யாரோ தப்பாக எழுதியிருக்கிறார்கள். மூலத்தைத் திறந்து பார்க்காமல் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

இந்த மஜ்லிஸில் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்கள் பலர் இருக்கிறீர்கள். "மனிதர்களுக்குக் கொடுத்து நிரூபித்திருக்கிறார்கள், ஆராய்ச்சிக் கட்டுரையிலேயே வந்திருக்கிறது" என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால், மாத்திரையை நிறுத்திவிட்டு ஆவாரம்பூவைக் காய்ச்சிக் குடிக்கிறவர் நம் வீட்டிலேயே இருப்பார். ஆகவே அது கமா, புள்ளிப் பிரச்சினை மட்டும் இல்லை. அந்தப் பட்டியலைச் சரிபார்க்க உட்கார்ந்ததால்தான் எலி மனிதராக மாறியிருந்தது தெரிந்தது. இன்று நான் சொல்ல வந்த விஷயம் முழுவதும் இந்தச் சம்பவத்துக்குள் இருக்கிறது.

ரெஃபரன்ஸ் என்றால் என்ன? ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர், தான் கண்டுபிடித்தது எது, மற்றவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது எது என்று பிரித்துக் காட்ட வேண்டும். எடுத்துக்கொண்ட ஒவ்வொன்றுக்கும், "இதை இன்னார், இன்ன ஆண்டு, இன்ன இதழில், இன்ன பக்கத்தில் எழுதியிருக்கிறார்" என்று கட்டுரையின் கடைசியில் பட்டியல் போட வேண்டும். துணைநூற்பட்டியல் என்று தமிழில் சொல்கிறோம்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ராமன் விளைவு பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். 1928-இல் அந்தக் கண்டுபிடிப்பு 'நேச்சர்' இதழில் வந்தது. இன்று ஒரு மாணவர் அதை மேற்கோள் காட்டினால் இப்படி எழுதுவார்: ராமன் சி.வி., கிருஷ்ணன் கே.எஸ். எ நியூ டைப் ஆஃப் செகண்டரி ரேடியேஷன். நேச்சர். 1928, 121: 501-502.

ஒரே ஒரு வரி. முதலில் எழுதியவர்கள் பெயர். அடுத்து கட்டுரையின் தலைப்பு. அடுத்து இதழின் பெயர், ஆண்டு. 121 என்பது தொகுதி எண். 501-502 என்பது பக்கம். தபாலில் கதவு எண், தெரு, ஊர், மாவட்டம், பின்கோடு என்று எழுதுகிறோமே, அதே மாதிரி. பின்கோட்டில் ஓர் எண் மாறினால் தபால் வேறு ஊருக்குப் போகும். 121 என்பதை 112 என்று எழுதினால் தேடிப் போகிறவர் வேறு தொகுதியில் போய் நிற்பார்.

அந்த வரியில் இன்னொன்றைக் கவனியுங்கள். இரண்டு பெயர் இருக்கிறது. உலகம் முழுக்க 'ராமன் விளைவு' என்றுதான் சொல்கிறது. 1930-இல் நோபல் பரிசும் ராமன் ஒருவருக்குத்தான் கிடைத்தது. ஆனால் கூடவே உழைத்த கே.எஸ். கிருஷ்ணன் யார் தெரியுமா? நமக்கு வடக்கே, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் வத்திராயிருப்பில் பிறந்தவர். விளைவின் பெயரில் அவர் இல்லை, பரிசில் அவர் இல்லை. ஆனால் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டுகிறவர் எந்த நாட்டில் இருந்தாலும், 'கிருஷ்ணன் கே.எஸ்.' என்று எழுதாமல் அந்த வரியை முடிக்க முடியாது. ஒரு மேற்கோள் வரி ஒரு மனிதருக்கு அவருடைய ஹக்கைக் கொடுக்கிறது. அதில் ஒரு பெயரை விட்டுவிட்டால் அவருடைய ஹக்கை நாம் எடுத்துக்கொண்டோம் என்று அர்த்தம்.

மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தாதவர் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸ் அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது. அறிவைக் கொடுத்தவருக்குச் செலுத்துகிற நன்றிதான் மேற்கோள்.

இந்தப் பழக்கம் நமக்குப் புதிதா? மதரஸாவில் ஓதி முடித்தவருக்கு என்ன கொடுக்கிறோம்? ஸனது கொடுக்கிறோம். ஸனது வழங்கும் விழா என்று நோட்டீஸ் அடிக்கிறோம். ஸனது என்ற சொல்லையே ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் தொடருக்கும் சொல்வார்கள். இவர் இன்னாரிடம் கேட்டார், அவர் இன்னாரிடம் கேட்டார் என்று நபித்தோழர் வரைக்கும் போகிற தொடர். ஸஹீஹுல் புகாரியில் ஒரு ஹதீஸைத் திறந்தால் முதலில் வருவது செய்தி இல்லை, பெயர்கள்தான். அதற்குப் பிறகுதான் செய்தி.

ஆரம்பத்தில் யாரும் தொடரைக் கேட்டதில்லை, குழப்பம் தலைதூக்கிய பிறகுதான் "யாரிடம் கேட்டாய், பெயரைச் சொல்" என்று கேட்கத் தொடங்கினார்கள் என்று இப்னு சீரீன் (ரஹ்) அவர்கள் சொன்னதை, இமாம் முஸ்லிம் (ரஹ்) தம் நூலின் முன்னுரையில் பதிவு செய்திருக்கிறார்கள். நம் முன்னோர் பெயர் கேட்டது சடங்குக்காக இல்லை. பொய் கலக்காமல் இருக்கக் கேட்டார்கள்.

இரண்டும் ஒன்றே என்று நான் சொல்ல வரவில்லை. ஹதீஸில் அறிவித்த மனிதரின் நேர்மையையும் நினைவாற்றலையும் எடை போடுகிறார்கள். அறிவியலில் அந்த ஏட்டைத் தேடிப்போய், அதில் சொன்ன சோதனையைத் திரும்பவும் செய்து பார்க்க முடியுமா என்று பார்க்கிறார்கள். தீனுடைய ஆதாரத்துக்கு உள்ள கண்ணியம் வேறு. ஆனால் "யாரிடமிருந்து எடுத்தாய்" என்ற கேள்விக்குக் கூச்சப்படாமல் பதில் சொல்ல வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது. அந்தக் கேள்வியோடு வளர்ந்த சமுதாயம் நாம்.

இனி மாணவர்களுக்கு. "ஏன் சார் ஒவ்வொரு ஜர்னலும் ஒவ்வொரு விதமாகக் கேட்கிறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான்.

பெரும்பாலும் இரண்டு வழிதான். ஒன்று எண் முறை. கட்டுரைக்குள் 1, 2, 3 என்று எண் போட்டு, கடைசியில் அதே வரிசையில் பட்டியல். மருத்துவ இதழ்கள் பெரும்பாலும் இப்படித்தான். 1978-இல் கனடாவின் வான்கூவர் நகரில் மருத்துவ இதழ் ஆசிரியர்கள் சிலர் கூடி, ஆளுக்கொரு விதமாகக் கேட்டு ஆய்வாளர்களை அலைக்கழிக்க வேண்டாம் என்று பொது விதிகள் வகுத்தார்கள். அதனால் அதற்கு வான்கூவர் முறை என்றே பெயர் வந்துவிட்டது. இன்னொன்று ஆசிரியர்-ஆண்டு முறை. கட்டுரைக்குள்ளேயே "ராமன், கிருஷ்ணன், 1928" என்று அடைப்புக்குறியில் எழுதி, கடைசிப் பட்டியலை அகரவரிசையில் கொடுப்பது. இதை ஹார்வர்டு முறை என்பார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் அறிஞர் எட்வர்ட் லாரன்ஸ் மார்க் 1881-இல் தம் கட்டுரையில் இப்படி எழுதியதைத்தான் இதற்குத் தொடக்கமாகச் சொல்கிறார்கள்.

இந்த இரண்டுக்குள்ளும் கிளைகள் உண்டு. ஆறு ஆசிரியர் வரை எழுதிவிட்டு மீதியை 'மற்றும் பிறர்' என்று முடிக்கச் சொல்கிற முறை இருக்கிறது. இருபது பேர் வரைக்கும் எல்லாப் பெயரையும் எழுதச் சொல்கிற முறையும் இருக்கிறது. இதை எல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். எந்த இதழுக்கு அனுப்புகிறீர்களோ, அந்த இதழின் 'ஆசிரியர்களுக்கான குறிப்புகள்' என்ற பக்கத்தைக் கட்டுரை எழுதத் தொடங்கும் முன்பே படியுங்கள். அந்த இதழில் சமீபத்தில் வந்த கட்டுரை ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் எங்கே புள்ளி வைக்கிறார்களோ அங்கே வையுங்கள். எந்தப் பள்ளிவாசலில் தொழப் போனாலும் அங்குள்ள ஸஃப்பில் ஒழுங்காக நிற்கிறோம் இல்லையா, அது மாதிரிதான்.

இந்த வேலையைப் பாதி செய்து கொடுக்கிற மென்பொருள்கள் இருக்கின்றன. ஜோட்டெரோ என்று ஒன்று இலவசமாகவே கிடைக்கிறது. கட்டுரை விவரங்களைச் சேமித்து வைத்துக்கொண்டால், கேட்ட முறையில் பட்டியலை அதுவே போட்டுக் கொடுக்கும். ஆனால் உள்ளே தப்பாகச் சேமித்தால் அழகான வடிவத்தில் தப்பைத்தான் கொடுக்கும். டி.ஓ.ஐ. என்ற எண்ணும் உங்களுக்கு உதவும். இப்போது வருகிற கட்டுரைகள் பெரும்பாலானவற்றுக்கு 10 என்று தொடங்குகிற நிரந்தர அடையாள எண் இருக்கிறது. இணைய முகவரி மாறினாலும் அந்த எண் மாறாது. பட்டியலில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் அழுத்திப் பாருங்கள். நீங்கள் சொன்ன கட்டுரைக்குத்தான் போகிறதா என்று பாருங்கள். ஐம்பது மேற்கோளுக்கு அரை நாள் ஆகும். அந்த அரை நாளைச் சோம்பலில் விட்டவர்கள் ஆறு மாதம் இழந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, படிக்காமல் மேற்கோள் காட்டுவது. இதுதான் பெரிய நோய்.

பரீட்சையில் இரண்டு பையன்கள் ஒரே சரியான விடையை எழுதினால் ஆசிரியர் ஒன்றும் சொல்ல மாட்டார். இரண்டு பேரும் ஒரே தப்பான விடையை எழுதினால்? ஒருவன் மற்றவனைப் பார்த்து எழுதியிருக்கிறான் என்று உடனே தெரிந்துவிடும். அமெரிக்காவில் சிம்கின், ராய்சௌத்ரி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2003-இல் இதே தந்திரத்தை மேற்கோள் பட்டியல்களில் செய்து பார்த்தார்கள். புகழ்பெற்ற ஓர் இயற்பியல் கட்டுரையைச் சுமார் 4,300 பேர் மேற்கோள் காட்டியிருந்தார்கள். அதில் 196 இடங்களில் பிழை. ஆனால் வெவ்வேறு விதமான பிழை என்று பார்த்தால் 45 தான். ஒரே ஒரு தப்பான பக்க எண் மட்டும் 78 பேரிடம் அப்படியே இருந்தது! 78 பேரும் தனித்தனியாக ஒரே தப்பைச் செய்திருக்க முடியுமா? ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்கிறார்கள். இதிலிருந்து கணக்குப் போட்டு, மேற்கோள் காட்டுகிறவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் மூலத்தைப் படித்திருப்பார் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள்.

ஹதீஸ் கலையில் இதற்கு ஒரு பெயர் உண்டு. நேரடியாகக் கேட்காததை நேரடியாகக் கேட்டது போலத் தோன்றும்படி, இடையில் உள்ளவரை மறைத்துச் சொல்வதைத் 'தத்லீஸ்' என்பார்கள். அறிஞர்கள் அதைக் கண்டித்தார்கள்; அப்படிச் செய்கிறவர்களின் அறிவிப்பை எச்சரிக்கையோடு பார்த்தார்கள். மூலக் கட்டுரையைப் பார்க்காமல், இன்னொருவர் ஆய்வேட்டிலிருந்து அந்த வரியை எடுத்து, மூலத்தையே படித்த மாதிரி பட்டியலில் போடுவது அந்த வகைதான். மூலம் கிடைக்கவே இல்லையா? "இன்னார் எழுதியதாக இன்னார் தம் நூலில் குறிப்பிடுகிறார்" என்று உள்ளதை உள்ளபடி எழுதிவிடுங்கள். அதில் கேவலம் ஒன்றும் இல்லை.

இல்லாத கட்டுரையே மேற்கோளாகிற கூத்தும் நடந்திருக்கிறது. ஒரு பெரிய பதிப்பகம், மேற்கோள் எப்படி எழுத வேண்டும் என்று காட்டுவதற்காக ஒரு மாதிரி வரியைத் தன் படிவத்தில் வைத்திருந்தது. அதில் வருகிற கட்டுரையும் இல்லை, இதழும் இல்லை, சும்மா உதாரணம். ஆனால் அந்த இல்லாத கட்டுரையை ஏறக்குறைய 400 கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருந்தது 2017-இல் வெளியே வந்தது. படிவத்தில் இருந்த வரியை அழிக்காமலே விட்டிருக்கிறார்கள். வேறு சிலர் உண்மையான கட்டுரை என்றே நம்பியிருக்கிறார்கள்.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு ஆபத்து அதிகமாகிவிட்டது. ஒரு தலைப்பைக் கொடுத்துப் பத்து மேற்கோள் கொடு என்றால் உடனே கொடுக்கும். ஆசிரியர் பெயர், இதழ், தொகுதி, பக்கம் எல்லாம் கச்சிதமாக இருக்கும். வடிவத்தில் ஒரு குறையும் இருக்காது. தேடிப் பார்த்தால் சில கட்டுரைகள் உலகத்திலேயே இருக்காது. 2023-இல் நியூயார்க்கில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், வழக்கறிஞர்கள் இப்படிக் கிடைத்த தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்துவிட்டார்கள். அப்படித் தீர்ப்புகளே இல்லை. நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். ஹதீஸ் அறிஞர்கள் இட்டுக்கட்டப்பட்ட செய்தியை 'மவ்ளூஃ' என்று தனியே பிரித்து வைத்தார்கள். அழகான தொடரோடு வந்தது என்பதற்காக ஏற்றுக்கொள்ளவில்லை. பெயர் வரிசை அழகாக இருந்தால் போதாது, அந்த மனிதர் இருந்தாரா, சொன்னாரா என்று தேடினார்கள். நீங்களும் தேடுங்கள்.

தாய்மார்களே, இது பிஎச்.டி. மாணவர்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். "ஆதாரம்: புகாரி" என்று போட்டு ஓர் எண்ணையும் போட்டு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருகிறது. எத்தனை பேர் திறந்து பார்த்தோம்? பதிப்புக்குப் பதிப்பு ஹதீஸ் எண் மாறும். எந்தப் பதிப்பு என்று சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் தேடுகிறவருக்குக் கிடைக்காது. வருகிற செய்தியை விசாரித்துத் தெளிவு பெறச் சொல்கிறது சூரத்துல் ஹுஜுராத்தின் ஆறாவது வசனம். ஃபார்வர்டு பொத்தானை அழுத்துமுன் அந்த வசனம் நினைவுக்கு வர வேண்டும்.

அடுத்து நான் பேசப்போவது பெற்றோர்களுக்கு. பெயர் விஷயம்.

நம் ஊர்ப் பழக்கத்தில் குடும்பப் பெயர் கிடையாது. அத்தா பெயரின் முதல் எழுத்தை இனிஷியலாகப் போட்டுக்கொள்கிறோம். ஆனால் ஆய்விதழ்கள் மேல்நாட்டுப் பழக்கப்படி கடைசியில் இருக்கிற பெயரைக் குடும்பப் பெயராக எடுத்து முன்னால் போடும், மற்றதைச் சுருக்கிவிடும். சி.வி. ராமனுக்கு அது சரியாகப் பொருந்திவிட்டது. 'சி' என்பது தந்தை சந்திரசேகரன் பெயர். 'ராமன்' கடைசியில் இருந்ததால் 'ராமன் சி.வி.' என்று அவர் பெயரிலேயே நிலைத்துவிட்டார்.

நம் பிள்ளைகளுக்கு என்ன ஆகிறது? முகமது இஸ்மாயில் என்பவரின் மகள் ஃபாத்திமா என்று வைத்துக்கொள்வோம். பாஸ்போர்ட்டுக்காக இனிஷியலை விரித்து 'ஃபாத்திமா முகமது இஸ்மாயில்' என்று எழுதுகிறார்கள். ஆய்விதழ் அவளை 'இஸ்மாயில் எஃப்.எம்.' என்று பதிவு செய்யும். அவள் செய்த ஆய்வு அத்தாவின் பெயரில் உலகத்துக்குத் தெரியும். அடுத்த கட்டுரையில் 'எம். ஃபாத்திமா' என்று போட்டால் 'ஃபாத்திமா எம்.' என்று வரும். இரண்டும் வேறு வேறு ஆள் என்றுதான் கணினி நினைக்கும். 'ஃபாத்திமா பீவி' என்று போட்டால் 'பீவி எஃப்.' ஆகிவிடுவாள்.

'அப்துல்' என்று தொடங்குகிற பெயர்களுக்கு இன்னும் சங்கடம். 'அப்துல் ரஹ்மான்' என்பதை உடைத்து 'ரஹ்மான் ஏ.' என்று போட்டுவிடுவார்கள். ரஹ்மான் யாருடைய பெயர்? அவனுடைய அடியார் என்று வைத்த பெயரில் அடியாரை ஓர் எழுத்தாகச் சுருக்கிவிட்டால் என்ன மிச்சம்? நம் முன்னாள் குடியரசுத் தலைவர் ராமேஸ்வரத்துக்காரர், அவுல் பக்கீர் ஜைனுலாப்தீன் அப்துல் கலாம். முதல் மூன்றும் முன்னோர், தந்தை பெயர்கள். அவருடைய சொந்தப் பெயர் 'அப்துல் கலாம்'. சரியாகப் பதிவு செய்தால் 'அப்துல் கலாம் ஏ.பி.ஜே.' என்று வர வேண்டும். இயந்திரத்திடம் விட்டால் 'கலாம் ஏ.பி.ஜே.ஏ.' என்று வரும்.

பெயரால் வருகிற சிரமம் நமக்குத் தெரியாததில்லை. 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு விசிட் விசாவில் வர அனுமதி இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது எத்தனை வீடுகளில் கலங்கினோம்! ஆய்வு உலகிலும் அதே சிக்கல்தான். அங்கே விமானநிலையத்தில் நிறுத்துவார்கள். இங்கே சத்தமில்லாமல் உழைப்பு வேறு பெயரில் போய்விடும்.

ஒரே பெயரில் பல அறிவிப்பாளர்கள் இருந்ததால் வந்த குழப்பத்தைத் தீர்க்க, கதீப் அல்பக்தாதி (ரஹ்) அவர்கள் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தனி நூல் எழுதினார்கள். இன்று அதே வேலைக்காக 2012-இல் ஆர்கிட் என்ற ஏற்பாடு வந்திருக்கிறது. ஒவ்வோர் ஆய்வாளருக்கும் 16 இலக்க எண், இலவசமாக. பெயர் எப்படி மாறினாலும் எண் மாறாது. ஆய்வில் நுழைகிற மாணவர்கள் முதல் கட்டுரைக்கு முன்பே அதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். உங்கள் பெயர் எப்படி வர வேண்டும் என்று ஒரு முறை முடிவு செய்து, கடைசி வரை அப்படியே எழுதுங்கள். மற்றவர்களின் பெயரைப் பட்டியலில் எழுதும்போதும் இதே கவனம் வேண்டும். பெற்றோரே, பள்ளியில் சேர்க்கும் நாளிலேயே பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சான்றிதழ் மூன்றிலும் ஒரே எழுத்தில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஒன்றில் 'முகமது', இன்னொன்றில் 'முஹம்மத்', மற்றொன்றில் வெறும் 'எம்.டி.' என்று இருந்தால் பின்னால் பிள்ளைதான் அலைவான்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பல்கலைக்கழக மானியக்குழு 2018-இல் கருத்துத் திருட்டைத் தடுக்க விதிமுறை கொண்டுவந்தது. ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒத்துப்போகிற அளவு 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்தியதைக்கூடத் தர முடியாது. 60-ஐத் தாண்டினால் ஆய்வுப் பதிவே ரத்து. முறைப்படி ஆதாரம் காட்டிய மேற்கோள்களையும் துணைநூற்பட்டியலையும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே ஆதாரம் சொல்கிறவர் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் ஒன்று. சதவீதம் குறைவாக இருந்தால் நேர்மை என்று நினைத்துவிடாதீர்கள். சொற்களை மாற்றிப்போட்டு ஒருவர் கருத்தைத் தன் கருத்தாகக் காட்டினால் மென்பொருள் கண்டுபிடிக்காமல் விடலாம். அல்லாஹ் விடமாட்டான்.

கடைசியாக, நடைமுறைக்கு நாலு வார்த்தை. ஒரு கட்டுரையைப் படிக்கிற அன்றே அதன் முழு விவரத்தையும் எழுதி வையுங்கள். பிறகு தேடலாம் என்று விடாதீர்கள். எந்த வரி உங்களுடையது, எந்த வரி அவருடையது என்று நோட்டிலேயே பிரித்து எழுதுங்கள். கட்டுரைக்குள் வரும் மேற்கோள் எல்லாம் பட்டியலில் இருக்கிறதா, பட்டியலில் இருப்பதெல்லாம் கட்டுரைக்குள் வருகிறதா என்று ஒரு நாள் உட்கார்ந்து சரிபாருங்கள். சந்தேகம் வந்தால் உங்கள் கல்லூரி நூலகரிடம் போங்கள். நம் ஊரிலேயே பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கல்லூரி இருக்கிறது. பாளையங்கோட்டையில் சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி இருக்கிறது. அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கிறது. நூலகரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை என்பதுதான் நூலகர்களின் பெரிய குறை. கேட்டால் சந்தோஷப்படுவார்கள்.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை ராத்திரி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பக்க எண்ணைத் திருத்திக்கொண்டிருந்தால், "இன்னும் முடியலையா, எப்போ வேலைக்குப் போறது" என்று கேட்காதீர்கள். அது வீண் வேலை இல்லை. இன்னொருவர் ஹக்கை அவரிடம் ஒப்படைத்துக்கொண்டிருக்கிறாள்.

அந்த ஆவாரம்பூ மாணவி என்ன செய்தாள் என்று கேட்பீர்கள். எலி என்று திருத்தினாள். அந்த ஒரு சொல்லைத் திருத்தியதும் அவளுடைய முடிவுரையில் இருந்த பெரிய வாக்கியம் நிற்கவில்லை; அதையும் எடுத்துவிட்டாள். "கட்டுரை சின்னதாப் போச்சே சார்" என்றாள். "சின்னதாப் போகல, சரியாப் போச்சு" என்றேன். பட்டியல் முழுவதையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, அந்த இதழின் முறைப்படி எழுதி மறுபடி அனுப்பினாள். இந்த முறை ஆசிரியர் மேசையைத் தாண்டிப் போனது. அறிஞர்கள் இரண்டு தடவை திருத்தம் சொன்னார்கள், கடைசியில் வெளிவந்தது. இன்று அந்தக் கட்டுரையைப் படிக்கிற ஒருவர் அவளை நம்பி ஒரு வரி எழுதலாம்.

இன்று உதவித்தொகை பெறுகிற பிள்ளைகளே, இந்தப் பணம் யாரோ வியர்வை சிந்திச் சம்பாதித்து அல்லாஹ்வுக்காகக் கொடுத்தது. அதற்குக் கணக்கு வைக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் படிக்கிற அறிவும் அப்படித்தான். அதுவும் யாரோ உழைத்துச் சேர்த்தது. அதற்கும் கணக்கு வையுங்கள்.

உங்கள் அறிவைப் பயனுள்ள அறிவாக அல்லாஹ் ஆக்குவானாக. உதவி செய்த நல்ல உள்ளங்களுக்கு அருள் புரிவானாக. ஆமீன். வ ஆகிரு தஃவானா அனில்ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாம்.